காந்தம் ஒட்டாத தகடு நகர்ந்த கதை

ஒரு அலுமினியத் தட்டின் மேல் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாது. ஆனால் அதே அலுமினியத்தைத் தொடாமலேயே, காந்த விசையால் தள்ளிக்கொண்டு போக முடியும் என்றால் நம்புவீர்களா?

முதலில், தொடாமல் ஏன் தள்ள வேண்டும்? மெல்லிய தகட்டை இயந்திரத்துக்குள் ஊட்டுவது லேசான வேலை இல்லை. உருளை வைத்துத் தள்ளினால் கீறல் விழும், கசங்கும், எண்ணெய்ப் பசை இருந்தால் வழுக்கும். இரும்புத் தகடு என்றால் இன்னொரு தலைவலி. அடுக்கி வைத்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். பிரஸ்ஸுக்குள் ஒன்றுக்குப் பதில் இரண்டு போனால் விலை உயர்ந்த டை பாழ்!

இரும்புக்கு வழி சுலபம். அடுக்கின் ஓரத்தில் காந்தத்தை வைத்தால் எல்லாத் தகடுகளும் ஒரே மாதிரி காந்தமாகும். ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். தகடுகள் சீட்டுக்கட்டு மாதிரி விரிந்து நிற்கும். மேல் தகட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அலுமினியத்துக்கு? அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

1824-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி அராகோ ஒரு விநோதத்தைக் கண்டார். காந்த ஊசிக்குக் கீழே செப்புத் தட்டைச் சுழற்றினால் ஊசியும் கூடவே சுற்றியது. செம்பிலும் காந்தம் ஒட்டாது! மறு வருடமே இங்கிலாந்தில் பாபேஜும் ஹெர்ஷலும் அதைத் தலைகீழாகச் செய்தார்கள். காந்தத்தைச் சுழற்றினார்கள், செப்புத் தட்டு பின்னாலேயே சுற்றியது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

1831-ல் ஃபாரடே விடை சொன்னார். நகரும் காந்தப்புலம் உலோகத்துக்குள் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்தச் சுழல் மின்னோட்டம் தானே ஒரு தற்காலிகக் காந்தமாகி, புலத்தின் பின்னால் இழுபடுகிறது. 1880-களில் ஃபெராரிஸும் டெஸ்லாவும் காந்தத்தைச் சுற்றாமலே, மாறுமின்னோட்டத்தால் புலத்தை மட்டும் சுற்ற வைத்தார்கள். இன்று வீட்டுக்கு வீடு ஓடும் இண்டக்ஷன் மோட்டாரின் பிறப்பு அது.

அந்த உருண்டை மோட்டாரை ஒரு பக்கம் வெட்டி, பாய் மாதிரி விரித்துப் போட்டால்? புலம் சுற்றாது, நேராக ஓடும். மேலே ஒரு அலுமினியத் தகட்டை வைத்தால் அதுவும் கூடவே ஓடும். இதுதான் நேர்கோட்டு மோட்டார். இதை ரயிலுக்குப் பயன்படுத்த ஆல்ஃபிரட் செஹ்டன் என்பவர் 1905-லேயே அமெரிக்காவில் பேடன்ட் வாங்கிவிட்டார். ஆனால் சீந்துவார் இல்லை.

அதற்கு உயிர் கொடுத்தவர் எரிக் லெயித்வெயிட். 1921-ல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர். துணி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே தறியில் நாடாவை அடித்து அடித்துத்தான் இரண்டு பக்கமும் ஓட்டுவார்கள். காதைப் பிளக்கும் சத்தம். நாடாவைக் காந்தப்புலமே ஓட்டினால் என்ன என்று 1940-களின் பிற்பகுதியில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியில் இறங்கினார்.

அவர் கண்ட முக்கியமான விஷயம், உலோகம் மெலிந்தால் விசையும் மெலியும் என்பது. மெல்லிய தகட்டில் மின்தடை அதிகம், மின்னோட்டம் குறைவு. 1965-ல் ஒரு மோட்டாரின் 'நற்குணத்தை' ஒரே எண்ணால் அளக்க அவர் சூத்திரம் தந்தார். தகடு மெலிந்தால் அந்த எண் குறையும். ஈடுகட்ட மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் கூட்டலாம், துருவங்களின் இடைவெளியை அகலமாக்கலாம், மோட்டாரைத் தகட்டுக்கு நெருக்கமாக வைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் மோட்டார் இருந்தால் புலம் தகட்டை மேலே தூக்கியடிக்கவும் பார்க்கும். அதனால் மேலும் கீழும் இரண்டு மோட்டார் வைத்து நடுவே தகட்டை விட்டால் நேராகப் போகும்.

சரி, தறி என்ன ஆயிற்று? 1953-ல் சுல்சர் நிறுவனத்தின் நாடா இல்லாத தறி சந்தைக்கு வந்தது. நாடாவே வேண்டாம் என்றானபின் நாடாவை ஓட்டும் மோட்டார் யாருக்கு வேண்டும்! அடுத்து ரயில். தகட்டை நிலையாக நிறுத்தி, மோட்டாரை வண்டியில் வைத்தார்கள். கேம்பிரிட்ஜ்ஷயரில் காற்று மெத்தையில் மிதந்த அந்த வண்டி 1973 பிப்ரவரியில் மணிக்கு 167 கிலோமீட்டர் வேகம் தொட்டது. அதே மாதம் பிரிட்டிஷ் அரசு திட்டத்தையே நிறுத்திவிட்டது. செலவுக் கணக்கு ஒத்துவரவில்லை. லெயித்வெயிட்டுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனாலும் அந்த யோசனை சாகவில்லை. 1985-ல் ஓடத் தொடங்கிய கனடாவின் வான்கூவர் ஸ்கைட்ரெயின் இன்றும் இந்த மோட்டாரில்தான் ஓடுகிறது. குப்பையைத் தரம் பிரிக்கும் ஆலைகளில் சுழலும் காந்தங்கள் அலுமினிய டப்பாக்களைத் தனியே தூக்கி எறிகின்றன. அராகோவின் ஊசியைச் சுற்ற வைத்த அதே விசை!

லெயித்வெயிட் 1997-ல் காலமானார். அவர் கனவு கண்ட தறி வரவில்லை. நல்ல கண்டுபிடிப்பு என்பது மட்டும் போதாது, அது வரும் நேரத்தில் அதற்கான வேலையும் காத்திருக்க வேண்டும். வேலை கிடைக்க சில சமயம் 150 வருடம்கூட ஆகும். அதற்காகத் தட்டைச் சுழற்றிப் பார்ப்பதை யாரும் நிறுத்திவிடக் கூடாது, அவ்வளவுதான்.