கொரியக் கார்களின் தரமும் நற்பெயரும்

தென் கொரியாவில் உருவான கார்கள் ஒரு காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களின் கேலிப் பொருளாக இருந்தன. இன்று அவை உலக அளவிலான விருதுகளைத் தொடர்ந்து பெறுகின்றன. இந்த மாற்றம் ஒரே சீராக நிகழவில்லை. மலிவு விலையால் விரைவாகக் கிடைத்த சந்தை, தரக்குறைவால் விரைவாகவே பறிபோனது. தரம் உயர்ந்த பிறகும் மக்கள் அதை நம்பப் பல ஆண்டுகள் ஆயின. தரமும் பெயரும் ஒன்றாக நடப்பதில்லை என்பதற்குக் கொரியக் கார்களின் வரலாறு தெளிவான சான்றாகும்.

தொடக்கம்

கொரியப் போருக்குப் பின், 1955இல், அமெரிக்க ராணுவ ஜீப்புகளின் பாகங்களைக் கொண்டு 'சிபால்' என்ற வண்டி கட்டப்பட்டது. இதுவே கொரியாவின் முதல் காராகக் கருதப்படுகிறது. 1962இல் அரசு மோட்டார் வாகனத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதன் பிறகு வெளிநாட்டுக் கார்களின் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டும் தொழிற்சாலைகள் தோன்றின. சுங் ஜூ-யுங் 1967இல் நிறுவிய ஹூண்டாய் மோட்டார் நிறுவனமும், உல்சான் நகரில் ஃபோர்டு நிறுவனத்தின் கோர்ட்டினா கார்களைப் பூட்டியே தொழிலைத் தொடங்கியது. 1944இல் சைக்கிள் பாகங்கள் செய்யத் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் கியா ஆனது.

போனி

1973இல் பார்க் சுங்-ஹீ அரசு, கொரியாவுக்கெனச் சொந்தக் கார் வேண்டும் என்று கார் நிறுவனங்களை வற்புறுத்தியது. ஹூண்டாயிடம் அதற்கான தொழில்நுட்பம் இல்லை. எனவே வேண்டியவற்றை வெளியிலிருந்து பெற்றது. வடிவமைப்பை இத்தாலியின் ஜார்ஜெட்டோ ஜுஜாரோ செய்தார். எஞ்சினும் கியர்பெட்டியும் ஜப்பானின் மிட்சுபிஷி தொழில்நுட்பம். தொழிற்சாலைப் பணியை வழிநடத்த, பிரிட்டிஷ் லேலண்டில் உயர்பதவி வகித்த ஜார்ஜ் டர்ன்புல் அமர்த்தப்பட்டார். இவ்வாறு உருவான 'போனி' 1974இல் இத்தாலியின் டுரின் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1976இல் விற்பனைக்கு வந்து, அதே ஆண்டில் ஈக்வடாருக்கு ஏற்றுமதியும் ஆனது. 1984இல் கனடாவில் அறிமுகமானபோது எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு விற்றது. ஆனால் புகை வெளியேற்ற விதிகள் காரணமாகப் போனியால் அமெரிக்கச் சந்தைக்குள் நுழைய முடியவில்லை.

எக்செல்: ஏற்றமும் வீழ்ச்சியும்

அமெரிக்காவுக்கென 1986இல் வந்த கார் 'எக்செல்'. இதன் தொடக்க விலை 4,995 டாலர். புதிய காருக்கு இவ்வளவு குறைந்த விலை அங்கு அரிதாக இருந்தது. முதல் ஆண்டிலேயே 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்றன. 1987இல் இது 2.6 லட்சத்தைத் தாண்டியது.

சில ஆண்டுகளில் குறைகள் வெளிப்பட்டன. குளிர்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பு உடற்பகுதியை விரைவில் துருப்பிடிக்கச் செய்தது. எஞ்சினிலும் கியர்பெட்டியிலும் பழுதுகள் வந்தன. பழைய காராக விற்கப் போனவர்களுக்கு மிகக் குறைந்த விலையே கிடைத்தது. குறைந்த வருமானம் உடையோரும் முதல் முறை கார் வாங்குவோரும் பெருமளவில் வாங்கிய கார் இது. எனவே இழப்பைத் தாங்க முடியாதவர்கள் மீதே அந்த இழப்பு விழுந்தது.

உல்சானில் எத்தனை கார்கள் வெளியேறின என்பதே அப்போது வெற்றியின் அளவுகோலாக இருந்தது. உற்பத்தி பெருகிய வேகத்துக்கு உதிரிபாகத் தயாரிப்பாளர்களின் தரமும் பரிசோதனையும் ஈடுகொடுக்கவில்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1989இல் திறந்த தொழிற்சாலையை ஹூண்டாய் சில ஆண்டுகளிலேயே மூடியது. 1998இல் அமெரிக்காவில் அதன் ஆண்டு விற்பனை சுமார் 90,000 ஆகச் சுருங்கியிருந்தது.

தரம் உயர்ந்த வழி

பெயர் கெட்டிருந்த அதே காலத்தில் தொழில்நுட்ப அடித்தளம் வளர்ந்துகொண்டிருந்தது. மிட்சுபிஷியைச் சார்ந்திருப்பதிலிருந்து விடுபட, 1980களில் ஹூண்டாய் தனி எஞ்சின் ஆய்வு மையம் அமைத்தது. 1991இல் அதன் முதல் சொந்த எஞ்சினான 'ஆல்பா' வெளிவந்தது.

1997ஆம் ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடி கொரியத் தொழிலையே புரட்டிப் போட்டது. கியா கடனில் மூழ்கியது. அதை 1998இல் ஹூண்டாய் வாங்கியது. சாம்சங்கின் கார் பிரிவு பிரான்சின் ரெனோவிடம் சென்றது. டேவூ 2000இல் திவாலாகி, பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் வசமானது.

இந்தக் கட்டத்தில் ஹூண்டாயின் தலைமையை ஏற்றவர் நிறுவனரின் மகன் சுங் மோங்-கூ. கார் பழுதுபார்க்கும் பிரிவில் பணியாற்றிய அனுபவம் உடையவர் என்பதால், விற்ற பிறகு கார்களுக்கு என்ன நேர்கிறது என்பதை அறிந்திருந்தார். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு விரிவாக்கப்பட்டு, நேராக உயர் நிர்வாகத்தின் பார்வைக்குக் கொண்டுவரப்பட்டது.

வாங்குவோரின் மனத்தை மாற்ற அமெரிக்கப் பிரிவு இன்னொரு வழியைக் கையாண்டது. 1999ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் 10 ஆண்டுகள் அல்லது 1,00,000 மைல் வரை உத்தரவாதம் அளித்தது. தரம் உயர்ந்துவிட்டது என்று விளம்பரம் செய்வது எளிது. அதற்குப் பணத்தைப் பணயம் வைப்பது வேறு. கார் பழுதானால் செலவு நிறுவனத்துடையது என்பதால், பழுதில்லாத காரைச் செய்யும் கட்டாயம் தொழிற்சாலைக்கு வந்தது. 2003இல் ஹூண்டாயின் அமெரிக்க விற்பனை 4 லட்சத்தை எட்டியது.

நம்பிக்கை திரும்பிய காலம்

அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம், புதிய கார்களில் முதல் 90 நாட்களில் தெரியும் குறைகளை 100 கார்களுக்கு இத்தனை என்று கணக்கிடுகிறது. கொரியக் கார்களில் 1998இல் 272 ஆக இருந்த இந்த எண், 2004இல் 117 ஆகக் குறைந்தது. அவ்வாண்டு ஹூண்டாய், டொயோட்டா பிராண்டையே இக்கணக்கில் சற்று முந்தியது. அப்போதும் பலருக்கு அதை நம்புவது கடினமாக இருந்தது. எக்செல்லின் நினைவு மறையவில்லை.

2006இல், முன்பு ஆடி நிறுவனத்தில் பணியாற்றிய வடிவமைப்பாளர் பீட்டர் ஷ்ரையர் கியாவில் சேர்ந்தார். கியா கார்களுக்குத் தனி முகம் அமைந்தது. ஐரோப்பாவில் கியா 7 ஆண்டு உத்தரவாதம் அளித்தது. 2009இல் அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் இருந்தபோது, கார் வாங்கி ஓராண்டுக்குள் வேலை இழந்தவர்கள் காரைத் திருப்பித் தரலாம் என்று ஹூண்டாய் அறிவித்தது. மொத்தச் சந்தை பெரிதும் சுருங்கிய அவ்வாண்டில் அதன் விற்பனை கூடியது. அதே ஆண்டு 'ஜெனிசிஸ்' வட அமெரிக்காவின் சிறந்த காராகத் தேர்வானது. கியாவின் மின்சாரக் காரான 'இவி6' 2022இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருதையும், ஹூண்டாயின் 'ஐயோனிக் 5' அதே ஆண்டில் உலகச் சிறந்த கார் விருதையும் பெற்றன.

இந்தியாவில்

இந்தியாவில் கொரியக் கார்களின் கதை வேறு வகையில் தொடங்கியது. ஹூண்டாய் 1996இல் இந்திய நிறுவனத்தைப் பதிவு செய்து, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை அமைத்தது. 1998 செப்டம்பரில் 'சான்ட்ரோ' வந்தது. எக்செல்லின் கசப்பு இங்கு இல்லை. ஆனால் நிறுவனத்தின் பெயரே பலருக்குப் புதிது. சான்ட்ரோவின் நம்பகத்தன்மையால் ஹூண்டாய் விரைவிலேயே மாருதிக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. அதே காலத்தில் 'சியலோ', 'மாட்டிஸ்' கார்களை விற்ற டேவூ, தாய் நிறுவனம் சரிந்ததால் இந்தியாவிலிருந்து மறைந்தது.

பாதுகாப்பில் இந்தியக் கார்கள் பின்தங்கியே இருந்தன. 2014இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில், காற்றுப்பைகள் இல்லாத இந்திய 'ஐ10' பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. சோதிக்கப்பட்ட பிற நிறுவனங்களின் சிறிய கார்களுக்கும் அதே நிலைதான். 2023இல் இந்திய 'வெர்னா' ஐந்து நட்சத்திரங்கள் பெற்றது.

புதிய சோதனைகள்

கொரியாவிலேயே நுகர்வோரின் மனக்குறை ஒன்று உண்டு: ஏற்றுமதிக் கார்களுக்கு நல்ல தரம், உள்நாட்டுக்குக் குறைந்த தரம் என்பது. இதை மறுக்க 2015 ஆகஸ்டில் ஹூண்டாய், கொரியாவிலும் அமெரிக்காவிலும் தயாரான இரு 'சொனாட்டா' கார்களை இஞ்சியோனின் சாங்டோவில் பொதுமக்கள் முன்னிலையில் நேருக்கு நேர் மோதவிட்டது.

அடுத்த மாதமே பெரிய சிக்கல் வெடித்தது. 'தீட்டா 2' எஞ்சின்களில் உற்பத்தியின்போது தங்கிய உலோகத் துகள்கள் எண்ணெய் ஓட்டத்தைத் தடுத்து, ஓடும்போதே எஞ்சின் நின்றுபோகச் செய்யக்கூடும் என்பதால், அமெரிக்காவில் சுமார் 4.7 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் சிக்கலின் முழு அளவையும் மறைப்பதாக ஹூண்டாய் பொறியாளர் கிம் குவாங்-ஹோ 2016இல் அமெரிக்க அதிகாரிகளிடம் ஆவணங்களை அளித்தார், வேலையை இழந்தார். 2020இல் இரு நிறுவனங்களும் மொத்தம் 21 கோடி டாலர் மதிப்புள்ள தண்டனை ஒப்பந்தத்தை ஏற்றன. 2021இல் அமெரிக்க அரசு கிம்முக்கு 2.4 கோடி டாலருக்கும் மேல் வெகுமதி வழங்கியது. பாதிக்கப்பட்ட எஞ்சின்களுக்கு வாழ்நாள் உத்தரவாதம் தரப்பட்டது.

அமெரிக்காவில் விற்ற பல மாடல்களில் செலவைக் குறைக்க, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் கருவி பொருத்தப்படவில்லை. 2022 வாக்கில் அக்கார்களைத் திருடும் முறை சமூக ஊடகங்களில் பரவி, திருட்டுகள் பெருகின.

விருதுகள் குவிந்த ஆண்டுகளும் இவைதான். எக்செல்லில் விலையைக் குறைக்கத் தரத்தை விட்டுக்கொடுத்ததும், இம்மொபிலைசரைத் தவிர்த்ததும் ஒரே கணக்கின் இரு வடிவங்கள். 1999இல் ஹூண்டாயை மீட்டது அந்தக் கணக்குக்கு எதிரான முடிவு: பழுதின் செலவை வாங்கியவர் மீது சுமத்தாமல் தானே ஏற்றுக்கொண்டது. அந்த முடிவை ஒருமுறை எடுத்தால் போதாது, ஒவ்வொரு காரிலும் மீண்டும் எடுக்க வேண்டும் என்பதையே பின்னர் வந்த சிக்கல்கள் காட்டின.