அச்சேறுமுன் அவையேறல்

திருக்கோணமலைக்கு வடக்கே கடலோரமாய் அமைந்த நிலாவெளியிலே சோழர் காலத்துக்குரியதெனக் கொள்ளப்படும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. கோணமாமலைக் கோவிலுக்கு 250 வேலி நிலம் விடப்பட்ட செய்தி அதிற் கூறப்படுகின்றது. இத்தகைய பழங் கல்லில் ஓர் எண்குறியைப் பிழைபட வாசித்தால் கோவில் நிலம் கூடிவிடும், அன்றிக் குறைந்துவிடும். ஓரெழுத்தைப் பிறழ உணர்ந்தால் ஊரின் பெயரே மாறிவிடும். ஆதலின் வாசித்தவர் ஒருவரின் சொல்லோடு அறிஞருலகம் அமைவதில்லை. அவர் கட்டுரை ஆராய்ச்சி இதழொன்றை அடைந்ததும், இதழாசிரியர் அதனை அத்துறை வல்லார் ஓரிருவருக்கு அனுப்புவர். சான்று போதுமா, முடிபு அச்சான்றினின்று பிறக்கின்றதா, முன்னோர் கண்டது மறைக்கப்பட்டுளதா என அவர்கள் ஆராய்ந்து எழுதுவர். அவர்தம் பெயர் பெரும்பாலும் கட்டுரையாளருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. முடிவு கூறும் உரிமையோ இதழாசிரியருடையது.

தமிழர்க்கு இது முற்றும் புதிய வழக்கன்று. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதென அதன் பாயிரம் கூறுகின்றது. ஆங்கே வினவுவோர் முகம் தெரிந்தது; இக்காலத்தில் அது திரைக்குப் பின் சென்றுவிட்டது. இலண்டன் ரோயல் கழகத்தின் இதழ் 1665இல் தோன்றியபோது, எதனை அச்சிடுவதென்பது பெரிதும் அதன் செயலாளர் ஓல்டன்பர்க்கின் கையிலேயே இருந்தது. 1752இல் அப்பொறுப்பு ஒரு குழுவுக்கு மாறிற்று. வல்லுநரிடம் எழுத்து வடிவில் கருத்துப் பெறும் வழக்கம் 1832இலேதான் அங்கே தொடங்கியது. அதன் பின்னரும் அது எங்கும் பரவிவிடவில்லை. 1936இல் தம் கட்டுரையை முன்பின் அறியாத ஒருவருக்குக் காட்டியதற்காக ஐன்ஸ்டைன் சினந்து, அதனை அமெரிக்க இதழொன்றினின்று மீட்டுக்கொண்டார். நடுவர் சுட்டிய பிழையோ உண்மைப் பிழையே. கட்டுரை வேறோர் இதழில் வெளிவந்தபோது அதன் முடிபு மாறியிருந்தது!

ஐன்ஸ்டைனுக்கு வேறோர் இதழ் உண்டு. கல்லூரித் தேர்வில் தவறி, வேலையுமின்றித் திரிந்த கும்பகோணத்து இளைஞர் ஒருவருக்கு அத்தகைய வாய்ப்பு ஏது? 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழுக்கு இராமானுஜன் சில வினாக்களை அனுப்பினார். அவற்றுள் வர்க்கமூலத்துள் வர்க்கமூலமாய் முடிவின்றிச் செல்லும் ஒன்றுக்கு வாசகர் எவரும் விடை தரவில்லை. ஈற்றில் அவரே தந்தார். பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதற் கட்டுரையும் அவ்வாண்டிலேயே வந்தது. ஆனால் எளிதில் வந்துவிடவில்லை. இதழாசிரியர் நாராயண ஐயங்கார் பெங்களூர்க் கல்லூரியிற் கணிதம் கற்பித்தவர். படி தாண்டித் தாண்டிச் செல்லும் அவ்வெழுத்தைச் சாதாரண வாசகர் பின்தொடர இயலாதெனக் கண்டு, அதனை ஒரு முறைக்கு மேலும் திருப்பி அனுப்பினார். மறுத்து எறிந்திருப்பின் அவருக்கு உழைப்பு மிச்சம். திருத்துக, மீண்டும் அனுப்புக என்று சொல்லிக் காத்திருந்ததே அவர் செய்த பேருதவி.

மறு ஆண்டு மார்ச்சில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சென்னைத் துறைமுகக் கணக்கராக அமர்ந்த இராமானுஜன், 1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டியும் லிட்டில்வுட்டும் அதனை ஆராய்ந்தனர். விடையிலே அத்தேற்றங்கள் மூவகையாய்ப் பிரிக்கப்பட்டிருந்தன: முன்பே அறியப்பட்டவை, புதுமையும் வியப்புமுடையவை, புதியனவாய்ச் சிறப்புமுடையவை. புகழ்ச்சியோடு நில்லாது, நிறுவல்களை அனுப்புமாறு ஹார்டி வற்புறுத்தினார். அக்கேள்வி தேவையற்றதன்று, பகா எண்களைப் பற்றி இராமானுஜன் துணிந்து கூறியவற்றுட் சில பிழையெனப் பின்னர்த் தெளிவாயிற்று.

1914இல் அவர் கப்பலேறினார். மறு ஆண்டு மிகுபகு எண்களைப் பற்றிய நெடுங் கட்டுரை, நிறுவல்களோடு, இலண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. அதிலும் ஒரு பகுதி விடுபட்டது. இம்முறை காரணம் நடுவரல்லர், கழகத்தின் பணமுடையே.