விலங்குகளைப் படித்தவருக்கு எங்கே வேலை?

எங்கள் ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்தில் வேலை என்றால் துறைமுகம், அனல் மின் நிலையம், லேலண்டு. விலங்கியல் படித்தவர் வாத்தியாராகப் போவார். காட்டுயிர்களை ஆராய்வதே ஒரு பிழைப்பு என்று அந்த நாளில் எங்களுக்குத் தோன்றியதில்லை.

பழைய கதையும் அப்படித்தான். பறவைகளைப் பற்றி எழுதிய ஜெர்டனும், மீன்களைப் பற்றி எழுதிய ஃபிரான்சிஸ் டேயும் சென்னை மாகாணத்துக்கு டாக்டர்களாக வந்தவர்கள். சம்பளம் வைத்தியத்துக்குத்தான்.

1916-இல் கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை அமைந்தது. அது அரசாங்க உத்தியோகமாயிற்று. 1976-இல் ரோமுலஸ் விட்டேகர் மாமல்லபுரம் சாலையில் முதலைப் பண்ணை தொடங்கினார். அறக்கட்டளையிலும் வேலை பிறந்தது. 1982-இல் டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம், 1990-இல் கோவையில் சாலிம் அலி மையம். 1994-இல் பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு கட்டாயமானது. தனியார் கம்பெனிகளும் உயிரியலாளரைத் தேடின.

பட்டம் இல்லாதவர்களுக்கும் இதில் இடம் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத்தோல் வியாபாரம் போய்த் தவித்த இருளர்கள், 1978-இல் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். பாம்பைப் பிடித்து, மருந்துக்கு விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டார்கள். அவர்களில் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே அழைக்கப்பட்டார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

எண்ணூர் கழிமுகத்தை ஒட்டி நாளைக்கு எந்தப் பெரிய திட்டம் வந்தாலும், அங்குள்ள மீன், நண்டு, பறவைகளைக் கணக்கெடுக்க ஆள் வேண்டும். அந்தச் சேற்றில் கால் வைத்து வளர்ந்த நம் பிள்ளைகள் அதற்குப் படிக்கட்டுமே!