பரிசம் கொடுத்துப் பெற்ற பூனை: பழஞ்சீன வீடுகளில் புதுப்பூனையை நிலைக்கச் செய்த வழக்கங்கள்

ஆய்வுச்சுருக்கம்

பிறர் வீட்டில் பிறந்த பூனையைப் பரிசம் கொடுத்து அழைத்துவரும் வழக்கம் சீனத்தில் சோங் அரசமரபுக் காலம் (960–1279) முதல் எழுத்துச் சான்றுகளில் காணப்படுகிறது. யுவான் அரசமரபுக் காலத்தில் (1271–1368) இதற்கென ஒப்பந்தப் படிவமும் இருந்தது. கவிதை, ஒப்பந்தம், நாள் தேர்வு நூற்குறிப்பு ஆகிய மூவகைச் சான்றுகளைக் கொண்டு, புதுப்பூனை வீட்டில் நிலைத்துத் தங்குவதற்கு மேற்கொள்ளப்பட்ட முறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பூனை, பரிசம், ஒப்பந்தம், சோங் காலம், வீட்டு விலங்கு வரலாறு.

முன்னுரை

நாய் ஆளோடு செல்லும். பூனையோ இடத்தைப் பற்றி நிற்கும். புதிய வீட்டிற்குக் கொண்டுவரப்பட்ட பூனை பழைய வீட்டைத் தேடித் திரும்பிச் செல்வது அதன் இயல்பு. தானியம், பட்டுப்புழு, நூற்சுவடி ஆகிய மூன்றையும் எலியிடமிருந்து காக்க வேண்டியிருந்த சீனக் குடும்பத்திற்கு அவ்வாறு ஒரு பூனை நீங்குவது பொருளிழப்பாகும். எனவே பூனையைப் பெறுவதைக் காட்டிலும் அதனைத் தங்கவைப்பதே பெரும் சிக்கலாக இருந்தது. அதற்குக் கண்ட தீர்வுகள், மனிதர் அவ்விலங்கை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதைக் காட்டுகின்றன.

பரிசம்

பூனையை அழைத்துவருவதைக் குறிக்க ஆளப்பட்ட ‘பின்’ என்னும் சீனச் சொல், மணப்பெண்ணைப் பரிசம் அளித்துக் கொள்வதற்கும் உரியதாகும். கவிஞர் ஹுவாங் திங்சியன் (1045–1105) பூனை வேண்டிப் பாடிய கவிதையில், பழைய பூனை இறந்தபின் எலிகள் பெருகியதையும், பிறர் வீட்டுப் பூனை குட்டி ஈனவிருப்பதை அறிந்து வில்லோ மரக்கொம்பில் மீன்களைக் கோத்துப் பரிசமாக ஆயத்தம் செய்ததையும் குறிப்பிடுகிறார். லு யூ (1125–1210) உப்புப் பொதி கொடுத்துப் பூனைக்குட்டியைப் பெற்றதாகப் பாடுகிறார்.

உப்பு தேர்ந்தெடுக்கப்பட்டமைக்கு ஹுவாங் ஹான் 1852இல் தொகுத்த ‘மாவ் யுவான்’ (பூனைத் தோட்டம்) என்னும் நூல் ஒரு விளக்கம் தருகிறது. வூ வட்டார வழக்கில் ‘உப்பு’ என்னும் சொல்லும், ஊழால் அமையும் உறவைக் குறிக்கும் சொல்லும் ஒத்து ஒலிக்கும். திருமணத்திலும் இக்காரணம் பற்றியே உப்பு வழங்கப்பட்டது. சாவோசோ வட்டாரத்தில் சர்க்கரையும், ஷாவோசிங் வட்டாரத்தில் நாரும் பரிசமாயின என்று அந்நூல் கூறுகிறது. பொருள் இடத்துக்கு இடம் மாறினும், பூனை உறவுமுறையால் வந்து சேர்வது என்னும் கருத்து மாறவில்லை.

ஒப்பந்தம்

யுவான் காலத்து நாள் தேர்வு நூலொன்றில் பூனை ஒப்பந்தப் படிவம் காணப்படுகிறது. நடுவில் பூனையின் உருவமும் அதனைச் சூழ்ந்து ஒப்பந்த வாசகமும் அமைந்துள்ளன. மேற்றிசைப் புத்தர்களிடமிருந்து மறைநூல்களைக் காக்கத் துறவி கொண்டுவந்த விலங்கு என்று பூனையின் பிறப்பு அதில் உயர்த்திச் சொல்லப்படுகிறது. எலி பிடிப்பதில் சோர்வின்மை, வளர்ப்பு உயிர்களுக்குத் தீங்கு செய்யாமை, உணவு திருடாமை, வீட்டைவிட்டு அலையாமை ஆகியன அதன் கடமைகளாகும். மீறி ஓடினால் கூடத்தில் நிறுத்தி அடிக்கப்படும் என்ற எச்சரிக்கையும் உண்டு. கீழ்த்திசை அரசத் தந்தையும் மேற்றிசை அரசன்னையும் ஆகிய தெய்வங்களே சாட்சிகள்.

இவ்வாசகம் முதல் நோக்கில் உடைமையாளரின் அதிகாரத்தையே காட்டுகிறது. ஆயினும், ஓடிப்போன பூனையை அடிக்க முதலில் அது அகப்பட வேண்டும். மனிதச் சாட்சிகளை விடுத்துத் தெய்வங்களை அழைத்திருப்பதும், தங்குமாறு பூனையைக் கட்டாயப்படுத்த இயலாது என்பதை எழுதியவர் உணர்ந்திருந்ததைப் புலப்படுத்துவதாகக் கொள்ளலாம்.

வீடு புகுதல்

பூனையைக் கொண்டுவரும் முறையை ‘மாவ் யுவான்’ ஒரு நாள் தேர்வு நூலிலிருந்து எடுத்துக்காட்டுகிறது. இக்குறிப்பு கிடைப்பது பிற்காலத் தொகுப்பில் என்பதால், அதனைச் சோங் கால நடைமுறையாக அப்படியே கொள்ளுதல் பொருந்தாது. எனினும் இவ்வழக்க மரபின் விரிவான சான்று இதுவேயாம்.

துணிப்பையிலிட்ட பூனையை மரக்காலிலோ வாளியிலோ வைத்து எடுத்துவர வேண்டும். கொடுப்பவர் வீட்டிலிருந்து உணவு உண்ணும் குச்சி ஒன்றைக் கேட்டுப்பெற்று உடன் வைக்க வேண்டும். பூனை பழைய வீட்டிற்குத் திரும்பாதிருக்க, வழியிலுள்ள வாய்க்கால் உடைப்புகளைக் கல்லிட்டு நிரப்பிக் கடக்க வேண்டும். வீடு சேர்ந்ததும் கூடத்தையும் அடுப்பையும் நாயையும் பூனை வணங்கச் செய்ய வேண்டும். பின்னர் அக்குச்சியை மண்குவியலில் செருகினால் பூனை வீட்டினுள் மலங்கழிக்காது. படுக்கையில் உறங்கவிட்டால் நீங்கிப்போகாது.

இவற்றைச் சடங்கு என ஒதுக்காமல் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு நடைமுறை ஒழுங்கு தெரிகிறது. மூடிய கலம் வழியின் அச்சத்தைக் குறைக்கிறது. மண்குவியல் கழிப்பிடமாகிறது. அடுப்பும் கூடமும் வீட்டின் மையங்களாக அறிமுகமாகின்றன. நாயுடனான சந்திப்பு வீட்டாரின் கண்காணிப்பில் நிகழ்கிறது. படுக்கை, வீட்டாரின் மணத்தோடு பூனையைப் பழக்குகிறது. மூடிய கூண்டு, ஆயத்தமான மண்தட்டு, பிற விலங்குகளுடன் படிப்படியான அறிமுகம் என இன்றைய கால்நடை மருத்துவர் கூறும் அறிவுரைகளும் இத்திசையிலேயே செல்கின்றன. பழைய வீட்டுக் குச்சியைப் பழகிய மணத்தின் எச்சமாகக் கருத இடமுண்டு. ஆனால் நூல் அவ்வாறு கூறவில்லை. பூனையைக் கட்டிவைக்கும்படி இம்முறையில் எங்கும் சொல்லப்படாமை சிறப்பாக நோக்கத்தக்கது.

முடிவுரை

ஒப்பந்தம் அச்சுறுத்துகிறது, வீடு புகுத்தும் முறை இணங்க வைக்கிறது. ஒரே நாள் தேர்வு நூல் மரபில் இவ்விரண்டும் இடம்பெற்றிருப்பது முரண் அன்று. கட்டளைக்கு உட்படாத உயிருடன் வாழ நேர்ந்த குடும்பத்தின் இருவேறு முயற்சிகள் அவை. ஒப்பந்தம் பூனையின் கடமைகளை மட்டும் வரையறுக்க, லு யூவின் கவிதை உரிமையாளரின் கடமையை நினைவூட்டுகிறது. நூல்களைக் காத்த பூனைக்குக் குளிருக்குக் கம்பளி விரிப்பும் உணவுக்கு மீனும் தர வறுமை இடந்தரவில்லையே என அவர் நாணுகிறார். பூனையின் வருகையால் கடன்பட்டவர் வீட்டாரே என்னும் இவ்வுணர்வு, ஒப்பந்தப் படிவம் எழுதாமல் விட்ட மறுபாதியாகும்.