திருப்பூர்ப் பள்ளிகளில் மனநலச் சேவை: அரசு உதவியின் வரலாறு

திருப்பூர் வட்டாரப் பள்ளிகளில் மாணவர் மனநலத்துக்கு அரசு தந்த உதவியின் வரலாறு குறுகியது. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமானது. அதற்கு முன்பு பல ஆண்டுகள், பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்பதே இங்கு அரசின் முதல் கவலையாக இருந்தது. பின்னலாடை ஏற்றுமதி பெருகியபோது, தையல்காரருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் 'கைமடி' வேலைக்கும் பிசிர் வெட்டவும் சிறுவர்கள் பனியன் கம்பெனிகளுக்குச் சென்றனர். 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் இத்தகையவர்களை வகுப்பறைக்குத் திருப்பவே முயன்றது. அவர்களின் மனம் படும் பாடு பற்றிய கேள்வி பின்னரே எழுந்தது.

தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது; மாவட்ட மனநலத் திட்டம் 1996இல். பள்ளிகளில் வாழ்க்கைத் திறன் கல்வியும் ஆலோசனையும் பதினோராம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007–12) இதில் இடம்பெற்றன. ஆனால் இது சுகாதாரத் துறையின் திட்டம். பள்ளி இதில் ஓர் ஓரம்தான். தமிழகப் பள்ளிக்கல்வித் துறை 2013இல் நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. ஊர்திகள் 10, அன்றைய மாவட்டங்கள் 32. ஒரு வேன் எத்தனை பள்ளிகளை எட்டும் என்பதைக் கணக்குப் போட்டே அறியலாம். (லண்டன் நகர நிர்வாகம் பள்ளிகளுக்கென ஓர் உளவியலாளரை நியமித்தது 1913இல்.)

அதன்பின் உதவி தொலைபேசி வழியே வந்தது. 104, 2018இல் கல்வி உதவி எண் 14417, 2022இல் நாடு முழுவதற்குமான மனநல எண் 14416. கடைசி எண்ணில் 20 மொழிகளில் பேசலாம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் திருப்பூரில் இது சிறிய வசதியன்று.

எனினும் எண் இருப்பதும் அழைக்க முடிவதும் வேறு வேறு. தாயும் தகப்பனும் 'ஒன்றரை ஷிப்ட்' பார்க்கும் வீட்டில் கைப்பேசி அவர்களோடு கம்பெனிக்குப் போய்விடும். இரவில் அது திரும்பி வந்தாலும், ஒற்றை அறை லைன் வீட்டில் யாரும் கேட்காமல் பேச இடமில்லை. பிள்ளையின் வாட்டத்தை முதலில் காணக்கூடியவர் வகுப்பாசிரியரே. பள்ளிக்குள்ளேயே ஆலோசகர் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இதுவே அடிப்படை.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வகுத்தது. அதற்கும் சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். தாராபுரம், காங்கேயம் பக்கத்துச் சிற்றூர்களின் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் பலவும் இந்த இரண்டாம் வகையில்தான் வரும்.