ஒருமுறை அனுப்பினால் போதாதா?

இன்று ஒரு இணைய வரலாறு.

ஒரு தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் செல்போனில் ஒரே கிரிக்கெட் மேட்சைப் பார்த்தால், அதே படம் பத்து முறை தனித்தனியாக வருகிறது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவர் காதிலும் போய்ப் பாடம் சொல்வது போல! ஒருமுறை அனுப்பி, வேண்டியவர்களுக்கு மட்டும் சேர்க்க முடியாதா?

முடியும் என்று காட்டியவர் ஸ்டீவ் டீரிங். 1980களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். அவர் வகுத்த மல்ட்டிகாஸ்ட் முறையில் குழுவுக்கு ஒரு முகவரி உண்டு. கேட்க விரும்புபவர் குழுவில் சேர்ந்துகொள்வார். அனுப்புபவருக்கு அவர் யாரென்று தெரியவே வேண்டாம். பாதை பிரியும் இடத்தில் உள்ள ரூட்டர் நகல் எடுத்துக்கொள்ளும். 1989இல் இது இணைய விதியாக வெளியானது.

பாதை வகுப்பதுதான் சிரமம். 1988இல் வந்த டிவிஎம்ஆர்பி நெறிமுறை எல்லாப் பக்கமும் பரப்பியது. கேட்பாரற்ற கிளைகளை வெட்டும் வசதி பின்னர் சேர்ந்தது. சிறிய வலைக்கு அது சரி, உலகத்துக்குத் தாங்காது. எனவே 1990களில் டீரிங், டெபோரா எஸ்ட்ரின், வான் ஜேக்கப்சன் முதலியோர் ‘பிம்’ நெறிமுறையை உருவாக்கினார்கள். அதன் ஒரு வகையில், கேட்டவருக்கு மட்டுமே கிளை. அனுப்புபவரும் கேட்பவரும் முதலில் சந்திக்க ஒரு பொது ரூட்டர்.

1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த இணையப் பொறியாளர் கூட்டத்தின் பேச்சு மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 1994 நவம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கச்சேரியும் மல்ட்டிகாஸ்ட் வழியே ஒளிபரப்பானது. அது தொடங்குமுன் ‘சிவியர் டயர் டேமேஜ்’ என்ற பொறியாளர்களின் இசைக்குழு அதே வலையில் புகுந்து வாசித்துவிட்டது! யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதே அமைப்பு.

அந்தச் சுதந்திரமே இணைய நிறுவனங்களைத் தயங்க வைத்த காரணங்களில் ஒன்று. ஒரு பொட்டலம் எத்தனை நகலாகும், யாரிடம் காசு வாங்குவது, வேண்டாதவர் நுழைந்தால் யார் தடுப்பது? திருப்தியான விடை கிடைக்காததால் பொது இணையத்தில் மல்ட்டிகாஸ்ட் பரவவில்லை. ஊருக்கு ஊர் சர்வர் வைத்துத் தனித்தனியாக அனுப்பும் பெரிய நிறுவனங்களின் வழியே வென்றது. இன்று லட்சம் பேரிடம் நேரலையில் பேச நினைக்கும் சாமானியன் அவர்கள் வாசலில்தான் நிற்க வேண்டும்.

ஆனாலும் இணையவழித் தொலைக்காட்சி, பங்குச்சந்தை போன்ற தனி வலைகளுக்குள் மல்ட்டிகாஸ்ட் இன்றும் உழைக்கிறது. நல்ல யோசனை மட்டும் போதாது, வழியில் உள்ள ஒவ்வொருவருக்கும் அதைச் சுமக்க ஒரு காரணம் வேண்டும் என்பதே நான் இதில் காணும் பாடம்.

நெட்வொர்க் துறையில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.