ஒரு கட்டுக்குள் இரு நூல்

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிலே சொக்கலேற் செய்து பெரும் பொருள் ஈட்டிய கட்பரி குடும்பத்தைப் பலரும் அறிவர். அக்குடும்பத்து எட்வேட் கட்பரி பழஞ்சுவடிகளுக்குப் பணம் வழங்கிய செய்தியை அறிந்தவர் சிலரே. அவரது உதவியுடன், ஈராக்கிற் பிறந்த அல்போன்ஸ் மிங்கானா என்னும் அறிஞர் 1920ஆம் ஆண்டுகளில் மேற்காசியாவிற் பயணஞ் செய்து சுவடிகளைத் திரட்டினார். சிரிய மொழி, அரபு முதலியவற்றில் 3,000க்கு மேற்பட்டவை சேர்ந்தன. 1937இல் மிங்கானா காலமானார். அவரது தேட்டம் பிற்காலத்தில் அந்நகர்ப் பல்கலைக்கழக நூல்நிலையத்தை அடைந்தது. அங்கே அரும்பொருட் பகுதி கட்பரியின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அத்தேட்டத்திலே திருக்குர்ஆன் வசனங்கள் எழுதிய 9 தோலேடுகள் ஒரே கட்டாக இருந்தன. ஒரு கட்டு, ஒரு நூல், அட்டவணையில் ஓர் இலக்கம். அட்டவணை செய்தவரைக் குறைகூறுவதற்கில்லை. ஹிஜாஸி எனப்படும் பழைய அரபு எழுத்து எல்லா ஏடுகளிலும் ஏறத்தாழ ஒத்தே காணப்பட்டது. கலாநிதிப் பட்டத்துக்காக அவற்றை ஆராய்ந்த அல்பா பெடேலி என்னும் இத்தாலியப் பெண்மணி, எழுதிய கையை உற்று நோக்கினார். இரண்டு ஏடுகள் மற்றை ஏழுடன் சேராதவை எனக் கண்டார்.

அதன் பின்னரே தோலின் ஒரு சிறு துணுக்கு ஒக்ஸ்போட் ஆய்வுகூடத்துக்குச் சென்றது. விலங்கு இறந்ததும் அதன் உடலிலுள்ள கதிர்வீசுங் கரி குறையத் தொடங்கும்; எஞ்சியதை அளந்து காலம் கணிப்பர். கி.பி. 568 முதல் 645 வரை என்று விடை வந்தது, நிகழ்தகவு 95.4 சதவீதம். நபிகள் நாயகம் வாழ்ந்தது ஏறத்தாழ 570 முதல் 632 வரை. 2015 யூலை 22இல் இதனைப் பல்கலைக்கழகம் அறிவித்தபோது உலகெங்கும் பரபரப்பு எழுந்தமை வியப்பன்று.

ஆனால், இங்கே சற்று நிதானம் வேண்டும். கணித்தது தோலின் வயதே. மையின் வயது அன்று. ஆடு அறுத்த நாளும் எழுத்தாளன் எழுதுகோல் எடுத்த நாளும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. வசனங்களைப் பிரிக்கும் குறிகளையும் அத்தியாய எல்லைக் கோட்டையும் கண்ட சில அறிஞர், எழுத்து ஒரு தலைமுறையேனும் பிந்தியது என்கின்றனர். அவர்கள் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

இவ்வேடுகளின் உடன்பிறப்புக்களும் கிடைத்துள்ளன. எகிப்தின் புஸ்தாத் நகரிலுள்ள அம்ர் பள்ளிவாசலிலிருந்து பாரிஸ் தேசிய நூல்நிலையத்தை அடைந்த 16 ஏடுகள் அதே நூலைச் சேர்ந்தவை. பேர்மிங்ஹாம் ஏடு ‘தாஹா’ எனும் 20ஆம் அத்தியாயத்தின் 40ஆம் வசனத்தோடு நிற்கிறது. பாரிஸ் ஏடு அதே அத்தியாயத்தின் 99ஆம் வசனத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறது. இடைப்பட்ட வசனங்களைத் தாங்கிய பகுதி இவ்விரு தொகுதியிலும் இல்லை.